'சிடியில் போட்டுக் கொடுங்க' என்று கேட்பதற்கு முன்

போன ஆடி மாதம் ஒரு அக்கா எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் ஒரு டிவிடி. அவருடைய அப்பா அம்மாவுக்கு நடந்த சதாபிஷேகத்தின் வீடியோ அது. அப்பா இப்போது இல்லை. வெளிநாட்டில் இருக்கும் தம்பி மகன் அந்த வீடியோவை யூடியூபில் ஏற்றி வைத்திருந்தான். அதிலிருந்து இறக்கி, ஏதோ ஒரு கடையில் டிஸ்கில் எழுதி வாங்கியிருக்கிறார். வீட்டில் போட்டால் 'நோ டிஸ்க்' என்று வருகிறது.

"ஸ்மார்ட் டிவி எல்லாம் அம்மாவுக்கு ஆகாது தம்பி. அந்தப் பழைய பிளேயரில் ரெண்டு பட்டன் மட்டும்தான் அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

கணினியில் போட்டுப் பார்த்தேன். டிஸ்கில் பழுது ஒன்றும் இல்லை. உள்ளே ஒரே ஒரு எம்பி4 கோப்பு இருந்தது. எழுதிக் கொடுத்தவர் பென்டிரைவில் காப்பி செய்வதுபோல அதை அப்படியே டிஸ்கில் காப்பி செய்திருக்கிறார். இதை டேட்டா டிஸ்க் என்போம். கணினிக்கு இது போதும். ஆனால் பழைய டிவிடி பிளேயருக்கு எம்பி4 புரியாது. அதற்கு எம்பெக்-2 என்ற பழைய சுருக்கும் முறையில், 720க்கு 576 புள்ளி அளவில், விநாடிக்கு 25 படமாக மாற்றி, டிவிடிக்கென்று உள்ள ஃபோல்டர் அமைப்பில் எழுதியிருக்க வேண்டும். எழுதிய பின் ஃபைனலைஸ் செய்து, அதாவது இனி எதுவும் சேர்க்க முடியாதபடி, மூடவும் வேண்டும். அதனால் யார் டிஸ்க் கேட்டு வந்தாலும் 'எதில் போட்டுப் பார்க்கப் போறீங்க?' என்றுதான் நான் முதலில் கேட்பேன். யுஎஸ்பி உள்ள டிவியாக இருந்தால் பெரும்பாலும் டிஸ்கே வேண்டியதில்லை, பென்டிரைவ் போதும்.

சரி, முறையாக மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று அந்தக் கோப்பை ஓடவிட்டேன். மூன்று மணி நேர வீடியோ, மொத்தமே 700 எம்பி சொச்சம். ஹோமம் வரை எப்படியோ பார்க்க முடிந்தது. தம்பதியை உட்கார வைத்து, தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்துக் கலச நீரை ஊற்றுகிறார்கள். அங்கே படம் கட்டம் கட்டமாக உடைந்தது. பெரியவரின் முகத்தில் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வீடியோவைச் சுருக்கும் முறைகள் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துவைத்து இடத்தை மிச்சம் பிடிக்கின்றன. அசையாத சுவருக்கு இடமே வேண்டாம். நீர் சிதறும்போது, அட்சதை விழும்போது, ஹோமப் புகை எழும்போது திரை முழுக்க மாறுகிறது. அதைக் குறிக்க இடம் போதாமல் படம் உடைகிறது. எந்த நிமிடத்துக்காக வீடியோ எடுத்தோமோ, அந்த நிமிடம்தான் முதலில் கெடுகிறது. தாலி கட்டும் இடத்திலும் இதே கதைதான்.

அந்தக் கோப்பு ஏற்கெனவே இரண்டு முறை அடிபட்டிருந்தது. ஏற்றியபோது யூடியூப் ஒரு முறை சுருக்கியது. இறக்கியவர் சின்ன அளவில், 360 புள்ளி உயரத்தில் இறக்கிவிட்டார். நான் எம்பெக்-2 ஆக்கினால் அது மூன்றாவது அடி. "கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியாதா?" என்று அக்கா கேட்டார். போன விவரத்தை எந்த மென்பொருளாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஏஐ தெளிவாக்கும் என்கிறார்கள். அது முகத்தைத் தானாகவே ஊகித்து வரைகிறது. அவருடைய அப்பாவின் முகத்தை ஊகித்து வரைந்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"தம்பி மகனிடம் கேமராவில் எடுத்த மூலக் கோப்பு இருக்கான்னு கேளுங்க" என்றேன். நல்லவேளை, ஹார்டு டிஸ்கில் வைத்திருந்தான். 22 ஜிபி. கூகுள் டிரைவில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி என்பதால் இரண்டு தவணையாக, இரண்டு ராத்திரி அனுப்பினான். மூலக் கோப்பு தொலைந்திருந்தால்கூட வழி உண்டு. ஏற்றியவர் தன் கணக்கில் நுழைந்து, நாம் ஏற்றியதைத் திருப்பி எடுக்க உதவும் கூகுள் டேக்அவுட் மூலம் இறக்கலாம். ஏற்றியவருக்கான யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் நேரடியாக இறக்கினால் 720 புள்ளி உயரத்துக்கு மேல் கிடைக்காது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்குச் சுருக்கும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே வரும், ஆனால் 2 ஜிபி வரைதான்.

அந்த மூன்று மணி நேரத்தை இரண்டு டிஸ்காகப் பிரித்தேன். 4.7 ஜிபி டிவிடியில் ஒன்றரை மணி நேரம் வைத்தால் படத்தைக் குறிக்க விநாடிக்கு ஏறக்குறைய 7 மெகாபிட் இடம் கிடைக்கும். மூன்று மணி நேரத்தையும் ஒரே டிஸ்கில் அடைத்தால் அது பாதியாகிவிடும். 'ஒரே சிடியில் எல்லாம் போட்டுடுங்க' என்று கேட்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே செய்து பார்க்கிறேன் என்று 'இலவச வீடியோ கன்வெர்ட்டர்' தேடுபவர்கள் பெரிய பச்சைப் பொத்தானைக் கண்டதும் அழுத்திவிடுகிறார்கள். இத்தகைய தளங்கள் வழியே கணினியைக் கெடுக்கும் தீநிரல்கள் பரவுவதாக அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2025 மார்ச்சில் எச்சரித்தது. எங்கள் ஊர் மாணவர் ஒருவர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பாட்டி வீடியோ என்று அவர் இறக்கிய கோப்பின் பெயர் '.எம்பி4.எக்ஸ்இ' என்று முடிந்திருந்தது. எக்ஸ்இ என்றால் அது வீடியோ இல்லை, கணினியில் ஓடும் நிரல். விண்டோஸ் இயல்பாகவே கடைசித் துண்டை மறைத்துவிடும் என்பதால் அவர் கண்ணுக்கு எம்பி4 மட்டும்தான் தெரிந்திருக்கிறது. திறந்த பிறகு அந்தத் தீநிரல் கோப்புகளைக் கெடுத்துவிட்டதால் அவருடைய புகைப்படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஹேண்ட்பிரேக், டிவிடிஸ்டைலர் இரண்டும் இலவசம்தான். முன்னது கோப்பை மாற்றும், பின்னது பிளேயரில் ஓடும் டிவிடியைச் செய்யும். அவரவர் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். சினிமாப் படமும் பாட்டும் இறக்கி எழுதித் தரச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அதை விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

அப்புறம், எழுதி முடித்த டிஸ்க். 'சிடியில் இருக்கே' என்று மூலத்தை அழித்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது. நாம் எழுதும் டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு மெல்லிய சாயப் படலம். வெயிலும் சூடும் ஈரமும் அதைத் தின்னும். டிஸ்க் உள்வட்டத்தில் தொடங்கி வெளியே நோக்கி எழுதப்படுகிறது. கை படுவதும் ஈரம் நுழைவதும் வெளி ஓரத்தில். அதனால் பழைய கல்யாண டிஸ்குகள் முகூர்த்தம் வரை நன்றாக ஓடி, பெண்ணை வழியனுப்பும் இடத்தில் நின்றுவிடுகின்றன. இப்படி நின்றதை வேறு டிரைவில், மெதுவான வேகத்தில் படித்துச் சில நேரம் மீட்டிருக்கிறேன். பல நேரம் முடிந்ததில்லை. உங்கள் பீரோவில் இருப்பதை இந்த வாரமே ஹார்டு டிஸ்கில் ஏற்றுங்கள். இப்போது லேப்டாப்பில் டிஸ்க் டிரைவே வருவதில்லை. பதிவு செய்யும் புளூ-ரே டிஸ்குகளைச் சோனி 2025 பிப்ரவரியோடு நிறுத்திவிட்டது. நாள் போகப் போகப் படிக்கும் கருவியே அரிதாகும்.

அக்காவுக்கு இரண்டு செட் டிஸ்க், ஒரு பென்டிரைவ், மூலக் கோப்போடு ஒரு ஹார்டு டிஸ்க் கொடுத்தேன். டிஸ்க் அம்மா பார்ப்பதற்கு. ஹார்டு டிஸ்கை உள்ளூரில் இருக்கும் தங்கை வீட்டில் வைக்கச் சொன்னேன், ஒரே வீட்டில் எல்லாம் இருக்க வேண்டாமே என்று. சல்லடைக் காட்சியைக் கடையிலேயே ஓட்டிக் காட்டினேன். நீர் விழ விழ அவருடைய அப்பா கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. அப்பா சிரித்தார் என்பதே தனக்கு இதுவரை தெரியாது என்றார்.

ஹார்டு டிஸ்க் இன்னும் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. போன வாரமும் போன் செய்து கேட்டேன்.