ஈர மண்ணில் நின்ற நெசசிட்டி கோட்டை

பென்சில்வேனியாவின் கிரேட் மெடோஸ் புல்வெளியில் 1952-53-ல் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, கருகிய ஓக் கம்பங்களின் அடிப்பகுதிகள் ஈரக் களிமண்ணில் மக்காமல் கிடைத்தன. நெசசிட்டி கோட்டை சதுரமா, முக்கோணமா என்று நெடுங்காலம் வாதம் நடந்துவந்தது. 1930-களில் ஒரு சதுரக் கோட்டையையே அங்கே எழுப்பியும் வைத்திருந்தார்கள். அந்தக் கம்பங்களோ ஒரு வட்டத்தில் நின்றிருந்தன. விட்டம் சுமார் 53 அடி.

பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த வர்ஜீனியாவின் படைக்குத் தலைமை தாங்கிய 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன், பிரெஞ்சுக்காரர்களை எதிர்கொள்ள 1754 மே இறுதியில் தொடங்கி, சில நாட்களில் கட்டி முடித்த கோட்டை இது. கட்டிய முறை எளியது. வட்டமாகப் பள்ளம் தோண்டி, பிளந்த வெள்ளை ஓக் கட்டைகளை அதில் நெருக்கமாக நட்டு, மண்ணைக் கெட்டித்தார்கள். தரைக்கு மேலே வேலியின் உயரம் ஏறக்குறைய ஏழு அடி. நடுவில் 14 அடிச் சதுரத்தில், மரப்பட்டையும் தோலும் வேய்ந்த ஒரு குடில். வெடிமருந்தும் உணவும் அதற்குள் இருந்தன. சுமார் 400 பேருக்கு வேலிக்குள் இடம் போதாது. அதனால் பெரும்பாலானோர் வெளியே பள்ளம் வெட்டி, அள்ளிய மண்ணைக் கரையாக முன்னால் குவித்து, அதன் பின்னால் பதுங்க வேண்டியிருந்தது.

கோட்டை சிறியது என்பதைவிட, நின்ற இடம்தான் பெரிய பிழை. மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் புல், பக்கத்திலேயே ஓடைத் தண்ணீர் என்ற வசதிக்காகத் தேர்ந்த தாழ்வான நிலம் அது. சண்டைக்கு அருமையான வெளி என்று வாஷிங்டனே எழுதினார். ஆனால் காட்டின் விளிம்பு ஒரு பக்கத்தில் நூறு கஜத்துக்குள் வந்துவிட்டது. அன்றைய துப்பாக்கிக்கு அது எட்டும் தூரம்தான். மரங்களுக்குப் பின்னால் நிற்பவன் சுடலாம். வெட்டவெளியில் கிடப்பவனால் அவனைக் குறிபார்க்க முடியாது.

ஜூலை 3 அன்று லூயி கூலோன் த வில்லியே தலைமையில் சுமார் 600 பிரெஞ்சுக்காரர்களும் அவர்களுடைய பூர்வகுடிக் கூட்டாளிகள் நூறு பேரும் அந்த மரங்களுக்குள்ளிருந்துதான் சுட்டார்கள். மழை விடவில்லை. பள்ளங்களில் தண்ணீர் ஏறியது.

மழை ஏன் அத்தனை பெரிய கேடு? சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல் எஃகில் மோதித் தெறிக்கும் பொறி, சிறு கிண்ணியில் உள்ள வெடிமருந்தைப் பற்றவைக்க வேண்டும். அந்தத் தீ ஒரு துளை வழியே குழாய்க்குள் போக வேண்டும். கிண்ணி நனைந்தால் துடைத்துவிட்டு மருந்தை மாற்றிக்கொள்ளலாம். குழாய்க்குள் இருக்கும் மருந்து நனைந்தால்தான் சிக்கல். மருந்தில் கலந்துள்ள வெடியுப்பு நீரில் கரையும். மருந்து குழைந்து சேறாகிவிடும். மேலே ஈயக்குண்டு அடைத்துக்கொண்டிருப்பதால் கவிழ்த்துக் கொட்டவும் முடியாது. குழாய்க்குள் குண்டை இடித்து இறக்கும் சலாகையின் முனையில் திருகாணியைப் பொருத்தி, மெத்தென்ற ஈயத்துக்குள் திருகி, குண்டை இழுத்து எடுக்க வேண்டும். பிறகு குழாயைத் துடைத்து உலர்த்தி, மறுபடி கெட்டிக்க வேண்டும். வாஷிங்டனின் படைப்பிரிவு முழுவதற்கும் அப்படிப்பட்ட திருகாணி ஓரிரண்டுதான் இருந்தது. துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்திகளான பயனெட்டுகளும் சொற்பம். ஆகவே சுட முடியாதவனுக்குக் குத்தவும் வழியில்லை.

பிரெஞ்சுத் தரப்பிலும் மருந்து குறைந்துகொண்டே வந்தது. இரவு எட்டு மணியளவில் பேச்சுக்கு அழைத்தவர்கள் அவர்களே. அதற்குள் கோட்டைத் தரப்பில் ஏறத்தாழ 30 பேர் இறந்து, 70 பேர் காயப்பட்டிருந்தார்கள். நள்ளிரவை ஒட்டி வாஷிங்டன் சரணடையும் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். மறுநாள் காலை அவருடைய படை வெளியேறியதும் பிரெஞ்சுக்காரர்கள் வேலிக்குத் தீ வைத்தார்கள். தரைக்கு மேலே இருந்தது மட்டும் எரிந்தது.