500டி கம்பிக்குள் ஒரு வளையம்

வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "500 கம்பி, 500டி கம்பி இரண்டுக்கும் ஒரே பலம்தானாமே, அப்புறம் டி-க்கு எதற்கு கூடுதல் காசு?"

500 என்பது ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவிசை. அதுவரை இழுத்து விட்டாலும் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பிவிடும். 10 எம்எம் கம்பிக்கு இது ஏறக்குறைய 4 டன். இந்தப் பலத்துக்காகக் கார்பனைக் கூட்டலாம். ஆனால் வெல்டிங்கில் விரிசல் விடும், வளைத்தால் முறியும். வனேடியம், நியோபியம் மாதிரி விலை கூடிய உலோகத்தைத் துளி சேர்க்கலாம், செலவு ஏறும். அந்தக் காலத்து டார் கம்பியைக் குளிர்ந்தபின் முறுக்கினார்கள். பலம் கூடியது, நீளும் தன்மை குறைந்தது. 1970களில் பெல்ஜியத்தில் கண்டுபிடித்த வழியில் முக்கியச் சரக்கே தண்ணீர்தான். இன்றைய டிஎம்டி கம்பி அந்த வழியில் வந்தது.

தண்ணீர் எப்படிப் பலம் தரும்? இரும்பு அணுக்கள் சூட்டில் ஒரு விதமாகவும் ஆறியபின் வேறு விதமாகவும் அடுக்கிக்கொள்கின்றன. எனக்கு அலுக்காத வேடிக்கை இங்கேதான் இருக்கிறது. சூடான அடுக்குதான் அதிக நெருக்கமானது. ஆனாலும் கார்பனுக்கு அதில்தான் இடம் அதிகம்! ஆறிய அடுக்கில் மொத்த வெற்றிடம் கூடுதல்தான், ஆனால் அது சின்னச் சின்ன இடுக்குகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால் சூடான அடுக்கு 2 சதவீதம் வரை கார்பனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஆறிய அடுக்குக்கு 0.02 சதவீதமே அதிகம்.

மெல்ல ஆறினால் கார்பன் நகர்ந்து வெளியேறி, இரும்போடு சேர்ந்து தனிப் படலங்களாகிவிடும். சட்டென்று ஆறினால்? நகர நேரமே இல்லை. இரும்பு அணுக்கள் கூட்டமாக, ஓர் அணு இடைவெளிக்கும் குறைவான தூரம் சாய்ந்து புது அடுக்குக்கு மாறும். கிட்டத்தட்ட உலோகத்தில் ஒலி செல்லும் வேகத்தில் நடக்கும் மாற்றம் இது. உள்ளே சிக்கிய கார்பன் அடுக்கை ஒரு பக்கமாக இழுத்து நீட்டிவிடும். இதுதான் மார்ட்டன்சைட், ஜெர்மானியர் அடால்ஃப் மார்ட்டன்ஸ் பெயரில் வந்தது. உலோகம் வளைய வேண்டுமென்றால் அணு வரிசைகள் வழுக்க வேண்டும். கோணிப்போன இந்த அடுக்கில் அது லேசில் நடக்காது. கடினம் அங்கிருந்துதான் வருகிறது, அதோடு நொறுங்கும் குணமும்.

ஆலையில் உருளைகளை விட்டு ஏறக்குறைய 1000 டிகிரியில் சீறி வரும் கம்பி, தண்ணீர் பீய்ச்சும் குழாய்க்குள் ஓரிரு நொடிகூட இருப்பதில்லை. அதற்குள் மேல்தோல் மார்ட்டன்சைட் ஆகிவிடும். நடுப்பகுதி இன்னும் தணலாகவே இருக்கும். வெளியே வந்ததும் உள்சூடு தோலுக்குப் பரவும். அடுப்பை அணைத்த பிறகும் குக்கருக்குள் பருப்பு வேகிறதே, அந்த மாதிரி. சுமார் 600 டிகிரியில் தோலின் நொறுங்கும் குணம் தணிந்து, பலம் பெருமளவு தங்கிவிடும். தனி உலை வேண்டாம், எரிபொருள் வேண்டாம். நடுப்பகுதி நிதானமாக ஆறி மென்மையாக இருக்கும். கம்பியைக் குறுக்கே அறுத்து, வழவழப்பாகத் தேய்த்து, ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம் தடவினால் ஓரத்தில் கறுத்த வளையம் வெறும் கண்ணுக்கே தெரியும். வளையம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால், தண்ணீர் சீராகப் படவில்லை. இதைப் பரிசோதனைக் கூடத்தில் கேளுங்கள், வீட்டில் அமிலத்தோடு விளையாட வேண்டாம்.

சரி, டி? பலத்துக்கு இல்லை, நீட்சிக்கு. இந்தியத் தரப்படி 500 கம்பி அறுவதற்குமுன் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், 500டி 16 சதவீதம். அதற்காகக் கார்பன் உச்சவரம்பு 0.30 சதவீதத்திலிருந்து 0.25 ஆகிறது, கந்தகமும் பாஸ்பரஸும் தனித்தனியே 0.055இலிருந்து 0.040 ஆகின்றன. நிலநடுக்கத்தில் கம்பி நீண்டு ஆற்றலை வாங்கிக்கொண்டால்தான் கட்டடம் சட்டென்று சரியாது. காசு அதற்குத்தான். சமையலறை எந்த மூலையில் என்று வாஸ்துக்காரரிடம் வாரக்கணக்கில் பேசுகிறவர்கள், கம்பியோடு வரும் சோதனைச் சான்றிதழை ஒருமுறை புரட்டலாம் என்பது என் கட்சி.

இன்னொன்று. தடித்த கம்பியை கேஸ் வைத்துச் சிவக்கக் காய்ச்சி வளைக்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காய்ச்சிய இடத்தில் அந்த வளையம் கலைந்து பலம் இறங்கிவிடும். குளிர்ந்த கம்பியாகவே வளைக்கச் சொல்லுங்கள்.