நம் வெயிலில் கார்பன் ஃபைபர்: வீட்டிலேயே ஃபாயில் செய்யும் தம்பிகளுக்கு

போன மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மணக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். கார்பன் இழைத் துணியில் ரெசின் என்ற பிசினைப் பூசி, பலகைக்கு அடியில் மாட்டும் ஹைட்ரோஃபாயிலை வீட்டிலேயே செய்ய ஆரம்பித்திருந்தான். "அண்ணே, ரெசின் புகையுது. என்ன செய்யட்டும்?"

"கையால தூக்காத மக்கா. மண்வெட்டியில எடுத்து முற்றத்து மணல்ல வை. புகை வர்ற பக்கம் நிக்காத. வீட்ல எல்லாரையும் வெளியே கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது புகை அடங்கியிருந்தது. குளியலறை மக்கின் அடிப்பாகம் உருகிச் சரிந்து கிடந்தது. தேன் நிறத்தில் இருக்க வேண்டிய ரெசின், கருப்பட்டிப் பாகு இறுகின மாதிரி பழுப்பேறி, நடுவில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. திண்ணையில் மக் இருந்த இடத்தில் சிமெண்டோடு ஒட்டிய பிளாஸ்டிக் வட்டம். அந்த வட்டத்துக்கு ஒரு முழம் தள்ளி அவன் தங்கச்சியின் பாடப் புத்தகங்கள் இருந்தன.

ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் சேர்க்கும் விகிதத்தில் அவன் தப்புச் செய்யவில்லை. தராசு வைத்து அளந்துதான் கலந்திருக்கிறான். 700 கிராமை ஒரே மக்கில் கலந்துவிட்டு, துணி வெட்டப் போயிருக்கிறான். அவன் பார்த்த வீடியோவில் ஒருவர் தடித்த ஜாக்கெட் போட்டுக்கொண்டு அப்படித்தான் செய்தார். அவர் ஊர்க் குளிர் வேறு, நம் ஓட்டு வீட்டு மார்ச் மாத வெக்கை வேறு.

நான் 19 வருடமாக முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை இறக்கைகளைப் பழுது பார்க்கிறேன். ஆனி, ஆடிக் காற்றில் மெஷின்கள் ஓடும். காற்று ஓய்ந்த பிறகு நாங்கள் கயிற்றில் தொங்கி இறக்கையில் வேலை செய்வோம். அந்த இறக்கையும் நீங்கள் செய்யும் ஹைட்ரோஃபாயிலும் ஒரே குடும்பம்தான்: துணி, ரெசின், நடுவில் ஃபோம் அல்லது மரம். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால்தான் முறத்தளவு இறக்கை ஒரு ஆளைப் பலகையோடு தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் முழு கார்பன் செட் லட்ச ரூபாயைத் தாண்டும். கட்டுமரம் கட்டியவரின் பேரன், தன் பலகையைத் தானே செய்துகொள்ள நினைப்பது எனக்குச் சந்தோஷம்தான். செய்யாதே என்று ஒருவனிடமும் நான் சொன்னதில்லை. ஆனால் நம் வெயிலுக்கும் வேர்வைக்கும் உப்புக்கும் ஏற்ற மாதிரிச் செய்யுங்கள்.

முதலில் அந்த மக். அதில் இருந்தது எபாக்ஸி வகை ரெசின். எபாக்ஸி இறுகும்போது தானே சூடாகும். அந்தச் சூடு வெளியேற வழி இல்லாவிட்டால் இறுகும் வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் சூடாகும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது எங்கள் தொழில் கணக்கு. கலந்த ரெசின் எவ்வளவு நேரம் இறுகாமல் இருக்கும் என்று டப்பாவில் போட்டிருப்பது பெரும்பாலும் 25 டிகிரிக்கு. 35 டிகிரி அறையில் அதில் பாதியை நம்பலாம், அதுவும் சிறிய அளவுக்குத்தான். ஆகவே ஒரு தடவைக்கு 100, 150 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். துணி எல்லாம் வெட்டி, எண் போட்டு அடுக்கிய பிறகு ரெசினைத் தொடுங்கள். கலந்ததும் அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிடுங்கள். கையால் பூசும் வேலைக்குத் துணியின் எடையளவு ரெசின் போதும். 400 கிராம் துணிக்கு 400 கிராம். மொத்தத்தையும் ஒரேயடியாகக் கலக்க ஒரு காரணமும் இல்லை.

குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் வேலை பார்த்த பையன்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. வள்ளத்துக்குப் போடுவது பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசின். அதில் இறுகவைக்கும் கேட்டலிஸ்டை 1 சதவீதமோ 2 சதவீதமோ கூட்டிக் குறைத்து நேரத்தைச் சரிபண்ணலாம். எபாக்ஸியில் அது நடக்காது. அதன் ஹார்ட்னர் ரெசினோடு சேர்ந்து பொருளாகவே மாறுகிறது. கூடினாலும் குறைந்தாலும் கடைசிவரை சரியாக இறுகாது. கல்லூரி ப்ராஜெக்ட்களில் அதிகம் புழங்கும் எல்ஒய் 556 ரெசின், எச்ஒய் 951 ஹார்ட்னர் ஜோடிக்கு எடையில் 100-க்குச் சுமார் 10. அப்படியென்றால் 50 கிராம் ரெசினுக்கு 5 கிராம் ஹார்ட்னர். அதில் 1 கிராம் தவறினால் ஐந்தில் ஒரு பங்கு தப்பு. மளிகைத் தராசு இதற்கு ஆகாது, 0.1 கிராம் காட்டும் தராசு வாங்குங்கள்.

சரி, இனி நான் உண்மையில் சொல்ல உட்கார்ந்த விஷயம். தோல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குக் கையுறை தரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. ரெசின் பட்ட கையைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுச் சோறு சாப்பிடப் போவோம். மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை. நாலாவது வருடம், 2009-ல், விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியது. வேர்க்குரு என்று பவுடர் போட்டேன். ஒரு நாள் காலையில் எழுந்தால் இரண்டு கண் இமையும் வீங்கி மூடிக் கிடந்தன. என் மகள் அப்போது கைக்குழந்தை. அவள் என் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

எபாக்ஸி ஒவ்வாமை அப்படித்தான் வரும். முதல் நாள் சுடாது, எரியாது. உடம்பு அதை எதிரியாகப் பதிந்துகொள்ளச் சிலருக்குச் சில வாரம் போதும், சிலருக்கு மாதங்களோ வருடங்களோ ஆகும். பதிந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. இப்போது இறுகாத ரெசின் டப்பாவை யாராவது பக்கத்தில் திறந்தாலே எனக்குக் கழுத்து தடித்துப்போகிறது. வேலையை நான் எட்ட நின்று சொல்லிக்கொடுக்கிறேன், பையன்கள் செய்கிறார்கள். எனக்குத் தெரிந்த தொழிலை என் கையாலேயே செய்ய முடியாமல் நிற்பது என்ன வேதனை என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஆகவே கையுறை. நைட்ரைல் கையுறை வேண்டும். மெல்லிய பாலித்தீன் உறையும் லேட்டக்ஸும் இதற்குப் போதாது. நம் ஊரில் பத்து நிமிடத்தில் உள்ளே வேர்த்து வழியும், அதனால்தான் பையன்கள் கழற்றி எறிகிறார்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அரை மணிக்கு ஒருமுறை புதிது மாற்றுங்கள். முழுக்கைச் சட்டை வேண்டும். வேர்வையை முழங்கையால் துடைக்கும்போதுதான் ரெசின் முகத்துக்குப் போகிறது. தலையில் ஒரு துண்டைக் கட்டிவிடுங்கள். தோலில் பட்டால் உலர்ந்த தாளால் ஒற்றி எடுத்துவிட்டு, சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். தின்னரும் அசிட்டோனும் தோலின் எண்ணெயை எடுத்துவிட்டு ரெசினை உள்ளே அனுப்பும். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அரிப்பு தொடங்கினால் மருந்துக்கடைக் களிம்போடு நிறுத்தாதீர்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையோ பக்கத்துத் தோல் மருத்துவரோ, டப்பாவின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எதைத் தொட்டீர்கள் என்று தெரிந்தால்தான் அவர் சரியாகப் பார்க்க முடியும்.

அப்புறம் தூசி. கார்பன் இழை ஒன்று 5 முதல் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. கிரைண்டர் வைத்ததும் கறுப்பு மாவாகப் பறக்கும். அதில் சரியாக இறுகாத ரெசினும் இருக்கும், அதுவும் ஒவ்வாமைக்கு வழி. இரண்டு நாள் இறுகவிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். தூசிக்கு என்-95 முகக்கவசம் போடலாம், ரெசின் ஆவியை அது தடுக்காது. பலர் யோசிக்காத இன்னொன்று: கார்பன் தூசியில் மின்சாரம் பாயும். சுவிட்ச் போர்டுக்குள்ளும் இன்வெர்ட்டருக்குள்ளும் போனால் ஷார்ட் ஆகும். மேசை விசிறி போட்டுக்கொண்டு வீட்டுக்குள் தேய்ப்பதைத் தயவுசெய்து விடுங்கள். தென்னந்தோப்பில் ஒரு தார்ப்பாய் போட்டால் போதும்.

கடலோர ஈரக்காற்றில் இறுகிய எபாக்ஸி மேல் சில நேரம் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு படியும். அது தண்ணீரில் கரையும். வெறும் தண்ணீர் ஊற்றி நார் வைத்துத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள். கழுவாமல் மேலே அடுத்த அடுக்கைப் போட்டால் அது ஒட்டாது, கடலில்தான் உரியும்.

செய்து முடித்த பாகத்துக்கும் வெயில் எதிரி. அறை வெப்பத்தில் இறுகும் பல எபாக்ஸிகள் 50, 60 டிகிரிக்குள் இளகத் தொடங்கும். கறுப்புக் கார்பன் பலகையைச் சொத்தவிளைக் கடற்கரை மணலில் மத்தியானம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அந்தச் சூட்டை எட்டிவிடும். இறுகிய பாகத்தை முதலிலேயே ஒருமுறை பக்குவமாகச் சூடேற்றினால் அது இன்னும் கூடுதல் சூட்டைத் தாங்கும். அதற்கு ஒட்டுப்பலகையில் ஒரு பெட்டி அடித்து, குண்டு பல்பும் தெர்மாமீட்டரும் வைத்து, பாகத்தை மோல்டோடு (அச்சோடு) உள்ளே வைத்துச் சூட்டைப் படிப்படியாக ஏற்றுங்கள். எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்பது உங்கள் ரெசினின் தகவல் தாளில் இருக்கும். பக்கத்தில் ஆள் இல்லாமல் பெட்டியை விடாதீர்கள். மேலே வெள்ளைப் பெயிண்ட் அடித்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

அலுமினிய மாஸ்டையும் (பலகையையும் இறக்கையையும் இணைக்கும் தண்டு) கார்பன் இறக்கையையும் நேரடியாகச் சேர்த்து முறுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புத் தண்ணீரில் இரண்டும் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி இருக்கும். தொடும் இடத்தில் ஓர் அடுக்குக் கண்ணாடி ஃபைபர் துணி போட்டால் தடுக்கலாம். கடலிலிருந்து வந்ததும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

கார்பன் வளைந்து எச்சரிக்காது, படக்கென்று முறியும். முறிந்த விளிம்பு கத்தி. அதனால் கடலுக்கு முன்னால் கரையில் சோதியுங்கள். பாகத்தின் இரண்டு முனையையும் முட்டுக்கொடுத்து, நடுவில் சிமெண்ட் மூட்டையை மெதுவாக ஏற்றி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டு எட்ட நின்று காது கொடுங்கள். டிக் டிக் என்று கேட்டால் அது கடலுக்கு ஆகாது. போல்ட் வரும் இடத்தில் ஃபோமை எடுத்துவிட்டு முழு ஃபைபராக நிரப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் முறுக்கும்போதே நசுங்கும்.

நாங்கள் இறக்கையில் பழுது தேடுவது ஒரு நாணயத்தால்தான். மணக்குடித் தம்பி போன வாரம் இரண்டாவது மாஸ்டைக் கொண்டு வந்தான். கையில் புண் இல்லை, தராசு வாங்கிவிட்டான். ஐந்து ரூபாய் நாணயத்தால் அடியிலிருந்து விரல்கடை விட்டு விரல்கடை தட்டிக்கொண்டே வந்தோம். டங், டங், டங். தலைப் பக்கம், போல்ட் துளைக்கு நாலு விரல் கீழே, டப். மறுபடி தட்டினோம், டப். உள்ளே துணி ஒட்டவில்லை. அவன் சாக்பீஸை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டான். "மூணு வாரம் வேலைண்ணே" என்றான். அப்புறம் அவனே அதை அறுக்க வாள் கேட்டான்.