தலசீமியா, ஹீமோபிலியா உள்ளவர்களுக்கு யூடிஐடி அட்டை: செட்டிநாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்), ஹீமோபிலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்), சிக்கிள் செல் (சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் நோய்) ஆகிய மூன்று ரத்தநோய்களும் உண்டு. கை கால் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு எதற்கு யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம், இது சட்டம் தந்த உரிமை.

இந்த அட்டைக்கு மத்திய அரசின் ஸ்வாவலம்பன் இணையதளத்தில் ஆதார், போட்டோவோடு விண்ணப்பிக்கலாம். மாவட்டத்தைச் சரியாகத் தேர்வு செய்யுங்கள். காரைக்குடி, தேவகோட்டை சிவகங்கை மாவட்டம். கோனாபட்டு, ராயவரம் புதுக்கோட்டை. வெளியூர் மருத்துவமனையில் சிகிச்சை என்றால் அங்கேயும் விண்ணப்பிக்க விதியில் இடமுண்டு.

மருத்துவக் குழு முன் போகும்போது நோயின் பெயர் எழுதிய சீட்டு மட்டும் போதாது. 'ரத்தசோகை' என்று பொதுவாக எழுதியிருந்தால் எந்த வகையிலும் சேராது. தலசீமியாவுக்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எலக்ட்ரோபோரெசிஸ் அல்லது எச்பிஎல்சி பரிசோதனை ரிப்போர்ட், ஹீமோபிலியாவுக்கு ஃபாக்டர் (ரத்தத்தை உறைய வைக்கும் புரதம்) அளவு ரிப்போர்ட் வேண்டும்.

கூடவே ஒரு நோட்டு. ரத்தம் ஏற்றிய தேதி, எத்தனை யூனிட், ஏற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு (பொதுவாக 9 முதல் 10.5-க்குள் வைத்திருப்பார்கள்), மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவு ஆகியவற்றை அதில் எழுதுங்கள். அடிக்கடி ரத்தம் ஏறினால் உடம்பில் இரும்பு சேர்ந்து இதயத்தையும் ஈரலையும் கெடுக்கும். ஃபெரிட்டின் 1000-ஐத் தாண்டினால் இரும்பை இறக்கும் மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ஹீமோபிலியா என்றால் எந்த மூட்டு எப்போது வீங்கியது, எத்தனை யூனிட் ஃபாக்டர் போட்டது என்று எழுதுங்கள். ஆஸ்பிரின் கூடாது, தசையில் ஊசியும் கூடாது. முதல் பக்கத்திலேயே இதைப் பெரிதாக எழுதி வையுங்கள், அவசரத்தில் புது டாக்டர் பார்ப்பார்.

மருத்துவக் குழு தரும் சான்றில் குறைபாட்டு அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத ஒதுக்கீடும், சேரும் வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வும் உண்டு. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும். அரசு வேலைக்கான 4 சதவீத ஒதுக்கீட்டுப் பட்டியலில் மட்டும் ரத்தநோய்கள் இல்லை. இது நியாயமில்லை என்றே நினைக்கிறோம். சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டால் மேல்முறையீடு செய்யலாம்.

அரசு ரத்த வங்கியில் இந்த நோயாளிகளுக்கு ரத்தம் இலவசம், பரிசோதனைக் கட்டணமும் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் நோயைக் குறிப்பிட்ட டாக்டர் சீட்டைக் காட்டுங்கள். சிகிச்சைக்காக சென்னைக்குப் பல்லவன் ரயிலில் போகிறவர்கள் ரயில்வே படிவத்தில் மருத்துவமனைக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்டேஷன் கவுன்ட்டரிலேயே சலுகை டிக்கெட் எடுக்க வேண்டும்.