√7 எங்கே இருக்கிறது?

"தசமத்தில் எழுதி முடிக்கவே முடியாத எண்ணுக்கு எண்கோட்டில் எப்படிக் குறிப்பான ஓர் இடம் இருக்கும்?" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நல்ல கேள்வி. √2 என்பது 1.41421356... என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நீளம் உங்கள் மேசை மேலேயே கிடக்கிறது. ஏ4 தாளின் குறுகிய விளிம்பை நீள விளிம்போடு சேர்த்து மடியுங்கள். விழும் மடிப்பு ஒரு சதுரத்தின் மூலைவிட்டம். அதன்மேல் இன்னொரு ஏ4 தாளின் நீளப் பக்கத்தை வைத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். 210 மி.மீ. அகலத்தை 1 என்று கொண்டால் மடிப்பின் நீளம் √2. கவராயத்தில் அதை எடுத்து எண்கோட்டில் வைக்க வேண்டியதுதான் பாக்கி.

√2-இன் நுனியில் செங்குத்தாக ஓர் அலகு எழுப்பினால் √3, அதன்மேல் இன்னொன்று எழுப்பினால் √4. இப்படி அடுக்கினால் நத்தை ஓடு போன்ற 'தியோடோரஸ் சுருள்' கிடைக்கும். அழகுதான், ஆனால் √7 வருவதற்குள் ஆறு முக்கோணங்கள். என் பென்சிலின் தடிமனே கணக்கைக் கெடுத்துவிடும்.

எனக்குப் பிடித்தது அரைவட்ட வழி. அஆ என்று 7 செ.மீ. கோடு வரைந்து, ஒரு செ.மீ. நீட்டி இ வரை கொண்டுபோங்கள். மொத்தம் 8. நடுப்புள்ளி ம-வை மையமாக வைத்து அரைவட்டம் போடுங்கள். ஆ-வில் எழுப்பும் செங்குத்துக்கோடு வட்டத்தை உ-வில் தொடும். ஆஉ-வின் நீளம் √7!

எப்படி? மஉ ஆரம், அதாவது 4. மஆ 3. பித்தாகரஸ் சொன்னபடி 16-இல் 9 போனால் 7. 1-ஐவிடப் பெரிய எந்த எண் x-ஐ எடுத்தாலும் ஆரம் (x+1)/2, மஆ அதைவிடச் சரியாக 1 குறைவு. வர்க்கங்களின் வித்தியாசம் x. நீட்டிய அந்த ஒரு செ.மீ. செய்யும் வேலை இது. 4.3-க்கும் இதே வழி பலிக்கும். பள்ளியில் இந்தப் படிகளை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோம்; ஏன் ஒன்றைக் கூட்டுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றைக்கும் தேர்வுகள் படிகளைத்தான் கேட்கின்றன என்பது என் வருத்தம்.

இனி ஆ-வை 0 என்றும் இ-யை 1 என்றும் கொண்டு, கோட்டை இ-க்கு அப்பாலும் நீட்டுங்கள். ஆ-வில் கவராய முள்ளை ஊன்றி உ-வை அந்தக் கோட்டுக்கு இறக்கினால், அளவுகோலில் 26 மி.மீ. தாண்டி, 27-ஐ எட்டாமல் நிற்கும். அதுதான் மாணவி கேட்ட இடம்.

2-இன் கனமூலத்துக்கு இந்த வித்தை பலிக்காது என்று 1837-இல் வான்ட்செல் நிறுவினார். 1882-இல் லிண்டெமான் π-க்கும் அதே கதவைச் சாத்தினார். அவற்றுக்கும் கோட்டில் இடம் உண்டு. கவராயமும் அளவு குறிக்காத நேர்விளிம்பும் மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர முடியாது.