‘நீ போய்ப் படி, நான் பாத்துக்கிறேன்’

“அவனுக்கு யார் மேலயும் பாசமே இல்லை மேடம்.”

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகனைப் பொம்மைகள் இருக்கும் முன்னறையில் விட்டுவிட்டு உள்ளே வந்த அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை இது. முந்தின வாரம் அப்பத்தாவின் கையிலிருந்து மாத்திரை அட்டை நழுவி விழுந்திருக்கிறது. முழங்கால் வலியில் அவரால் குனிய முடியவில்லை. டிவி பார்க்கப் போன பையன் அந்த அட்டையைத் தாண்டிப் போய்விட்டான். அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குத்தான் தாங்க முடியவில்லை.

மதுரையில் குழந்தைகளுக்கான உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். படிப்பு ஏறவில்லை, செல்போனை விட மாட்டேன் என்கிறான், எதற்கெடுத்தாலும் அடம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். பிள்ளைக்கு இரக்கம் இல்லை என்று அதற்காகவே வருகிறவர்கள் குறைவு. ஆனால் வேறு எதற்கோ வந்தவர்கள்கூடக் கிளம்பும்போது கதவருகே நின்று, தயங்கித் தயங்கி இதைச் சொல்வதுண்டு.

அந்த அம்மாவிடம் நான் கேட்டது ஒன்றுதான். இவன் ரெண்டு, மூணு வயசில் எப்படி இருந்தான்? யோசித்தவர் சிரித்துவிட்டார். சப்பாத்தி தேய்க்கும்போதெல்லாம் வந்து மாவைப் பிடித்து இழுப்பானாம். வீடு கூட்டினால் துடைப்பத்துக்குச் சண்டை போடுவானாம். கீரை ஆய உட்கார்ந்தால் ஆய்ந்ததையும் ஆயாததையும் கலந்து வைத்துவிடுவானாம்.

“அப்ப என்ன செய்வீங்க?”

“வேலை ஓடாது மேடம். போன்ல பாட்டுப் போட்டுக் கொடுத்து உட்கார வச்சிருவேன்.”

யூகேஜி போன பிறகு போனுக்குப் பதில் ஒரு வாக்கியம் வந்திருக்கிறது. நீ போய்ப் படி, நான் பாத்துக்கிறேன்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டு ஒன்பது மணிக்குள் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர். ஆனாலும் நடந்தது இதுதான். உதவ வந்த கையை ஐந்து வருடம் தள்ளிவிட்டிருக்கிறோம். வீட்டில் நடப்பது எதுவும் தன் பொறுப்பில்லை என்பதை அவன் நன்றாகப் படித்துக்கொண்டான்.

சின்னக் குழந்தைகளிடம் உதவும் எண்ணம் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதற்கு ஓர் ஆய்வைப் பெற்றோர்களிடம் அடிக்கடி சொல்வேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வேலை பார்த்த பெலிக்ஸ் வார்னெக்கென், மைக்கேல் டோமசெல்லோ இருவரும் 2006-ல் வெளியிட்டது. ஒன்றரை வயதுக் குழந்தைகள் 24 பேர். பழக்கமில்லாத ஒருவர் குழந்தையின் எதிரில் துணி காயப்போடுவார், கிளிப் கீழே விழுந்துவிடும், எட்டாமல் கையை நீட்டுவார். இன்னொரு முறை, இரண்டு கையிலும் சுமையோடு வந்து மூடிய அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். 24 பேரில் 22 குழந்தைகள் ஒரு தடவையாவது போய் உதவின. பரிசு எதுவும் இல்லை, பாராட்டும் இல்லை. எனக்கு இதைவிடப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. அதே ஆள் கிளிப்பை வேண்டுமென்றே கீழே வீசியபோது குழந்தைகள் பெரும்பாலும் எடுத்துக் கொடுக்கவில்லை. பேச்சே சரியாக வராத வயதில், இவருக்கு இது தேவைப்படுகிறது, இப்போது தேவைப்படவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பார்வையைத்தான் நாம் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. அன்பாக இரு, விட்டுக்கொடு என்று சொல்லிச் சொல்லி அதை வளர்க்க முடிவதில்லை. யாருக்கு எது கஷ்டம் என்று கவனிக்கிற சந்தர்ப்பம் கிடைக்க வேண்டும். நம் ஊரில் அது முன்பு தானாகவே கிடைத்தது. மீன் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணத்தில் ஊற்றிப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோவது பிள்ளைகளின் வேலை. கூட்டமான டவுன் பஸ்ஸில் நிற்கிறவரின் பையை உட்கார்ந்திருப்பவர் கேட்காமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வதைப் பள்ளிக்குப் போகிற வழியிலேயே பார்த்து வளர்ந்தோம். இன்று என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் வேனில் ஏறி வேனில் இறங்குகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் நீர்மோர் ஊற்றிக் கொடுக்கும் பந்தலில் பிள்ளையை ஒரு மணி நேரம் நிற்க வையுங்கள் என்று மதுரைப் பெற்றோர்களிடம் ஒவ்வொரு வருடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். வெயிலில் நடந்து வந்தவரின் முகம் ஒரு டம்ளர் மோருக்குப் பிறகு மாறுவதைப் பிள்ளை ஒருமுறை அருகிலிருந்து பார்த்தால் போதும்.

பள்ளிகளில் பேசப் போகும்போது சுமைதாங்கிக் கல்லின் படத்தை எடுத்துப் போவேன். நிற்க வைத்த இரண்டு கற்கள், அவற்றின் மேல் படுக்க வைத்த ஒரு கல். பழைய சாலையோரங்களில் இன்னும் சில நிற்கின்றன. இது எதுக்கு என்று கேட்டால் பெஞ்சு, கோயில் வாசல், கிரிக்கெட் ஸ்டம்ப் என்று பதில் வரும். தலையில் மூட்டையோடு தனியாக நடந்து வருகிற ஒருவரை நினைத்துப் பாருங்கள் என்பேன். இறக்கி வைத்தால் மறுபடி தூக்கிவிட ஆள் இல்லை. அப்போது ஒரு பிள்ளை எழுந்து, “டீச்சர், அது தலை உயரத்துல இருக்கு! அப்படியே நகர்த்தி வச்சிடலாம்!” என்று கத்தும். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்துபோன பெண்களின் நினைவாக இவற்றை நட்டு வைப்பது அந்தக் கால வழக்கம் என்று சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடும். இன்னொருவரின் கழுத்து எப்படி வலிக்கும் என்று யோசித்தவர்கள் நட்ட கல் அது. அதன் பிறகு வீட்டுப்பாடமாக ஒன்று கொடுப்பேன். உங்கள் வீட்டில் யாருக்கு எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது என்று கண்டுபிடித்து வாருங்கள். உதவ வேண்டாம், முதலில் கண்டுபிடித்தால் போதும்.

இனி நாம் செய்யும் ஒரு தப்பு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஒரு பள்ளியில் வகுப்புச் சுவரில் அட்டை ஒட்டி, யாருக்காவது உதவினால் ஒரு ஸ்டார் என்று வைத்திருந்தார்கள். முதல் இரண்டு வாரம் வகுப்பே மாறிவிட்டது என்று ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம். மூன்றாவது வாரம் ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனின் பென்சிலை ஒளித்து வைத்து, கொஞ்ச நேரம் கழித்துத் தானே தேடி எடுத்துக் கொடுத்து ஸ்டார் வாங்கினான். அவனைக் கெட்ட பையன் என்று என்னிடம் அனுப்பினார்கள். அவன் சொன்ன கணக்கு ரொம்ப நேர்மையானது: “யாருக்கும் ஒண்ணும் தொலையலன்னா எனக்கு எப்படி மிஸ் ஸ்டார் கிடைக்கும்?” மேலே சொன்ன அதே இரு ஆய்வாளர்கள் 2008-ல் ஒன்றேமுக்கால் வயதை நெருங்கும் குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். உதவியதற்குப் பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள், பிறகு பரிசு நின்றதும் மற்றக் குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின.

அதற்காக ஒன்றுமே சொல்லாமல் இருங்கள் என்று சொல்ல வரவில்லை. ‘குட் பாய்’ என்பதைவிட, அவன் செய்ததால் எதிராளிக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள். “நீ எடுத்துக் கொடுத்தியா, அப்பத்தா குனியாம தப்பிச்சாங்க.” அவ்வளவு போதும். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பது வேண்டவே வேண்டாம். உணவுப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும் பெரியவருக்கும் ஒரு முகம் இருக்கிறது, அதைக் காட்ட வேண்டுமா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. 2018-ல் கேரள வெள்ளத்தின்போது விழுப்புரத்தைச் சேர்ந்த ஒரு சிறுமி, சைக்கிள் வாங்குவதற்காகச் சேர்த்துவந்த உண்டியல் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்தாள். அருமையான காரியம். அந்தச் செய்தியை எத்தனையோ பெற்றோர் பிள்ளைகளுக்குக் காட்டினார்கள். ஆனால் வெள்ளம் தினமும் வருவதில்லை, மாத்திரை அட்டை தினமும் விழுகிறது.

அப்புறம், அவசரம். இதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் டார்லி, பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1973-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பாதிரியாராகப் படிக்கும் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேசச் சொன்னார்கள். அவர்களில் பாதிப்பேர் பேச வேண்டிய தலைப்பே, அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் கதை. வழியில் ஒருவர் வாசலில் சரிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார். நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். தலைப்பு எது என்பதைவிட நேரம் இருந்ததா என்பதுதான் முடிவு செய்தது.

நம் காலை நேரத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரு அப்பா சொன்னார். பையனைப் பைக்கில் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார். ரோட்டில் ஒரு பெரியவரின் சைக்கிளிலிருந்து வெங்காய மூட்டை அவிழ்ந்து சிதறுகிறது. “அப்பா, நிறுத்துங்கப்பா” என்கிறான் பையன். “லேட்டாயிடும்டா, கேட்டை மூடிருவாங்க.” ஒரு வாரம் கழித்து என்னிடம் சொல்லும்போதும் அவர் குரல் சரியாக இல்லை. பையன் அதன் பிறகு அதைப் பற்றிக் கேட்கவே இல்லையாம், அதுதான் அவரை உறுத்தியது. நான் அவருக்குச் சொன்னது இதுதான்: காலையில் பத்து நிமிஷம் முன்னால் கிளம்புங்கள்.

பிள்ளைகள் நம் வாயைவிட நம் வீட்டு டம்ளரைத்தான் கவனிக்கிறார்கள். வேலைக்கு வரும் அக்காவுக்குத் தனி டம்ளர் வைத்திருக்கும் வீட்டில், எல்லோரிடமும் அன்பாக இரு என்று சொல்வதை எந்தப் பிள்ளை நம்பும்? கேஸ் சிலிண்டரை மூன்று மாடி தூக்கி வந்தவரிடம் “உட்காருங்கண்ணே, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்கிற வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மகள் பாத்திரம் கழுவினால் அது அவள் கடமை, மகன் தன் தட்டை எடுத்து வைத்தாலே அது பெரிய மனசு. இந்தக் கணக்கை மாற்றாமல் நாம் சொல்லிக்கொடுக்கும் எந்தக் கருணையும் கோணலாகத்தான் இருக்கும்.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் மதியச் சாப்பாடு, கலர் பென்சில், ஜியாமெட்ரி பாக்ஸ் எல்லாவற்றையும் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். ‘தங்கமான பிள்ளை’ என்று பெயர். கொடுத்த பிறகு உனக்கு எப்படி இருந்துச்சு என்று கேட்டேன். “கொடுக்கலன்னா பேச மாட்டாங்க ஆன்ட்டி” என்றாள். பயத்தில் கொடுப்பதை அன்பு என்று நாம் பாராட்டிக்கொண்டிருந்தோம். அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது “இன்னிக்கு முடியாது” என்ற இரண்டு வார்த்தைகளை. கண்ணாடி முன்னால் நின்று பழகினாள்.

பாதுகாப்பையும் இதோடு சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். விழுந்த பொருளை எடுத்துத் தரலாம், பஸ்ஸில் இடம் விடலாம். ஆனால் யாரோடும் எங்கும் போகக் கூடாது, யார் வண்டியிலும் ஏறக் கூடாது. வழி காட்டு, நாய்க்குட்டியைத் தேடித் தா என்று தெரியாத பெரியவர் ஒரு குழந்தையிடம் வந்து உதவி கேட்டால், குழந்தை செய்ய வேண்டியது உடனே தனக்குத் தெரிந்த பெரியவரிடம் ஓடுவது. பெரியவர்களுக்கு உதவி வேண்டுமென்றால் பெரியவர்களிடம் கேட்பார்கள் என்று சொல்லி வையுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் குழந்தைக்கு மனப்பாடமாக இருக்கட்டும்.

ஒரு பிள்ளை திரும்பத் திரும்ப விலங்குகளைத் துன்புறுத்துகிறது, அடிபட்டவரைப் பார்த்து ரசிக்கிறது என்றால் அது வேறு விஷயம். திட்டியோ அடித்தோ சரிசெய்யப் பார்க்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

சரி, அந்தப் பையனின் கதைக்கு வருகிறேன். அவனுக்கு நாங்கள் ஒரே ஒரு வேலையைக் கொடுத்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பத்தாவுக்கு வெந்நீரும் மாத்திரை டப்பாவும் கொண்டுவந்து கொடுப்பது. மாத்திரையை எடுப்பது அப்பத்தாதான், எட்டு வயதுப் பிள்ளையிடம் அதை விடக் கூடாது. அம்மாவுக்குக் கொடுத்த வேலை இன்னும் கடினம். அவன் மறந்தால் நீங்கள் செய்யாதீர்கள், அப்பத்தாவே அவனைக் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்றேன். முதல் வாரத்தில் நாலு நாள் மறந்தான். ஒருநாள் வெந்நீரைத் தரையில் கொட்டினான். “துணியை எடுத்துக் கொடுத்து அவனையே துடைக்க வச்சேன் மேடம், ரொம்பக் கஷ்டப்பட்டு வாயை மூடிக்கிட்டேன்” என்றார் அம்மா.

மூன்றாவது தடவை வந்தபோது அவனே பேசினான். அப்பத்தாவுக்கு இடது முழங்கால்தான் ரொம்ப வலியாம். “படி ஏறுறப்ப வலது காலைத்தான் ஃபர்ஸ்ட் வைப்பாங்க. எறங்குறப்ப மட்டும் மாத்தி வைப்பாங்க. நான் இந்தப் பக்கம் நிக்கணும்” என்று எழுந்து போய், என் அறை வாசலில் இருக்கும் இரண்டு படிகளில் எனக்கு ஏறி இறங்கிக் காட்டினான்.