டம்மி மாத்திரை கிடைத்தவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர்

சென்ற மாதம் எங்கள் மருந்துச் சோதனைப் பிரிவில் என் எதிரே அமர்ந்திருந்த ஒரு மகன், சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் விரித்தார். அதில் பிரிக்கப்பட்ட நான்கு கேப்சூல்களின் கூடுகளும் சிறிது வெள்ளைப் பொடியும் இருந்தன. தசைகளைச் சிறிது சிறிதாகச் செயலிழக்கச் செய்யும், ஏ.எல்.எஸ். எனப்படும் இயக்க நரம்பணு நோயால் அவதிப்படும் அவருடைய தந்தை, எங்கள் ஆய்வில் சேர்ந்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. "நாக்கில் வைத்துப் பார்த்தேன் டாக்டர், கொஞ்சம்கூடக் கசக்கவில்லை. அப்பாவுக்கு டம்மி மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறீர்கள்" என்றார். கசக்கவில்லை என்ற அந்த ஒரே ஆதாரத்தை நம்பி, ஏழு வாரங்களுக்கு முன்பே கேப்சூலை நிறுத்திவிட்டு, இணையத்தில் யாரோ பரிந்துரைத்த ஒரு பொடியை எங்களுக்குத் தெரியாமல் தந்தைக்குக் கொடுத்து வந்திருக்கிறார். அன்றைய இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் இயல்பான அளவைப்போல் நான்கு மடங்கு உயர்ந்திருந்தன. அதற்குக் காரணம் அந்தப் பொடியா, முன்பு உட்கொண்ட கேப்சூலா, ஏ.எல்.எஸ். நோய்க்காக அவர் நெடுநாளாக எடுத்துவரும் ரிலுசோல் மருந்தா என்று எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

இந்த ஆண்டில் இப்படி வந்த மூன்றாவது குடும்பம் இது. ஆகவே, நேரில் பலமுறை சொல்லிச் சலித்ததை ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

டம்மி மாத்திரை, அதாவது மருந்தே இல்லாத போலி மாத்திரை, பெறுபவர் சிகிச்சையின்றிக் கைவிடப்படுகிறார் என்பதுதான் நான் அன்றாடம் எதிர்கொள்ளும் தவறான எண்ணம். நரம்பு நோய்களுக்கான பெரும்பாலான ஆய்வுகளில் பங்கேற்பாளர் ஏற்கெனவே எடுத்துவரும் மருந்துகள் அப்படியே தொடரும். பார்க்கின்சன் நோயாளிக்கு லெவோடோபா தொடரும், வலிப்பு நோயாளிக்கு அவருடைய வலிப்பு மாத்திரைகள் தொடரும், ஏ.எல்.எஸ். நோயாளிக்கு ரிலுசோல் தொடரும். அவற்றுக்கு மேல் கூடுதலாகத் தரப்படுவதுதான் புதிய மருந்தோ, அதைப் போலவே தோற்றமளிக்கும் டம்மி மாத்திரையோ. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்கிறது. அது எனக்கும் தெரியாது, மாத்திரையை எடுத்துத் தரும் செவிலியருக்கும் தெரியாது. டம்மி தரப்படலாம் என்பது ஒப்புதல் படிவத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. முன்கூட்டியே சொல்லி, கையெழுத்தும் பெற்ற பிறகு செய்வதை ஏமாற்று என்று சொல்வது நியாயமாகாது.

இதற்கு அடியில் இன்னோர் எண்ணமும் ஒளிந்திருக்கிறது. புதிய மருந்து நிச்சயமாக நன்மை செய்யும், அது கிடைத்தவர் அதிர்ஷ்டசாலி, கிடைக்காதவர் பாவப்பட்டவர் என்று பலரும் நினைக்கிறார்கள். நன்மை செய்யும் என்பது முன்பே தெரிந்திருந்தால் சோதனைக்கே அவசியம் இருந்திருக்காது. மினோசைக்ளின் என்பது பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ள, பொதுவாகப் பாதுகாப்பானது என்று கருதப்பட்ட ஆன்டிபயாடிக். எலிகளில் நல்ல பலன் தெரிந்ததால், அது ஏ.எல்.எஸ். நோயின் வேகத்தைக் குறைக்கும் என்று எதிர்பார்த்து 412 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தபோது, மினோசைக்ளின் எடுத்தவர்களின் உடல்நிலைதான் டம்மி எடுத்தவர்களைவிட ஏறத்தாழ 25 சதவீதம் வேகமாகச் சரிந்திருந்தது. ஹண்டிங்டன் எனப்படும் பரம்பரை மூளை நோய்க்கான டோமினெர்சன் மருந்தைத் தண்டுவட நீரில் செலுத்திச் சோதித்த பெரிய ஆய்வு 2021 மார்ச்சில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. மருந்தை அடிக்கடி பெற்ற குழுவினர் டம்மி பெற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தனர். இந்த இரண்டு ஆய்வுகளிலும் டம்மி கிடைத்தவர்கள் எதை இழந்தார்கள் என்று அந்த மகனிடம் கேட்டேன். அவரிடம் பதில் இல்லை.

இன்னும் கனமான சான்று தலைக்காயத்தைப் பற்றியது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் என்ற நம்பிக்கையில் தலையில் பலத்த அடிபட்டவர்களுக்கு மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் ஸ்டீராய்டு ஊசி போட்டு வந்தார்கள். கிராஷ் என்ற ஆய்வு 10,008 பேரைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தது. 2004-இல் வெளியான அதன் முடிவின்படி, இரண்டு வாரங்களுக்குள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதத்தினரும் டம்மி பெற்றவர்களில் 17.9 சதவீதத்தினரும் இறந்திருந்தார்கள். அனுபவம் மிக்க மருத்துவர்களின் கண்ணுக்கு இந்த வேறுபாடு அத்தனை ஆண்டுகளாகத் தென்படவே இல்லை. டம்மி பெற்ற குழு ஒன்று பக்கத்தில் இருந்ததால்தான் அது வெளிப்பட்டது.

நரம்பு நோய்களில் இந்த ஒப்பீடு மற்ற நோய்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு மருந்து என்று நம்பவைத்து வெறும் உப்புநீரை ஊசியாகச் செலுத்தினாலும் அவர்களுடைய மூளையில், அந்த நோயில் குறைந்துபோகும் டோபமின் என்ற வேதிப்பொருள் உண்மையாகவே சுரக்கிறது என்று 2001-இல் ஸ்கேன் மூலம் காட்டப்பட்டது. அந்த முன்னேற்றம் நடிப்பன்று, ஆனால் அதைப் புதிய மருந்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஏ.எல்.எஸ். நோயிலோ ஒருவருக்கு ஓராண்டில் முற்றிவிடுவது மற்றொருவருக்குப் பத்தாண்டு வரை நீள்கிறது. பேச்சு, விழுங்குதல், கையெழுத்து, நடை என்று கேள்வி கேட்டு 48 மதிப்பெண்ணுக்கு நாங்கள் போடும் கணக்கில், "எனக்கு அசல் மருந்துதான் கிடைத்திருக்கிறது" என்று நம்புபவர் தம்மையறியாமலே ஒரு மதிப்பெண் கூடச் சொல்லிவிடுவார். கேப்சூலைப் பிரித்துச் சுவைத்துப் பார்ப்பதால் கெட்டுப்போவது இந்த இடம்தான். அசல் மருந்தும் டம்மியும் சுவையால் வேறுபடாதபடிதான் பெரும்பாலும் தயாரிக்கப்படுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

டம்மி குழுவில் இருப்பவர் எப்போதும் எதையும் இழப்பதில்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு நோயில் நடந்த பல சோதனைகளை 2011-இல் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தபோது, கூடுதல் மருந்து சரியான அளவில் கிடைத்தவர்களைவிட டம்மி கிடைத்தவர்களிடையே திடீர் மரணங்கள் அதிகம் என்று தெரிந்தது. எங்கள் துறையை உலுக்கிய செய்தி அது. டம்மியுடன் இருக்கும் காலத்தைக் குறைப்பது, வலிப்பு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டியதும் அந்தக் கட்டத்திலிருந்து நோயாளியை விடுவித்துவிடுவது போன்ற வழிகள் இன்று கடைப்பிடிக்கப்படுகின்றன. இரண்டு பேருக்கு மருந்து, ஒருவருக்கு டம்மி என்று பிரிக்கும் ஆய்வுகளும் உண்டு. முடிவில் எல்லோருக்கும் அசல் மருந்தைத் தரும் நீட்டிப்புக் கட்டம் கொண்ட ஆய்வுகளும் உண்டு. சேருவதற்கு முன் இவற்றைக் கேட்பது உங்கள் உரிமை, கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

சோதனையில் சேர்ந்தால் குணமாகிவிடும் என்று நம்பி வருபவர்களும் இருக்கிறார்கள். ஆரம்பகட்ட அல்சைமர் நோய்க்கான லெகனெமாப் மருந்தை எடுத்துக்கொள்வோம். 1,795 பேரிடம் 18 மாதங்கள் நடந்த ஆய்வில் அது வெற்றி பெற்றது. நோயின் போக்கு 27 சதவீதம் மந்தமானது என்று செய்திகள் வந்தன. 18 புள்ளிகள் கொண்ட அளவுகோலில் அந்த வேறுபாடு 0.45 புள்ளி. அதே வேளையில், மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது. டம்மி பெற்றவர்களில் அது 1.7 சதவீதம். பெரும்பாலானோருக்கு அந்த வீக்கத்தால் தொல்லை ஏதும் இல்லை என்றாலும், வெற்றி பெற்ற மருந்தின் கணக்கே இப்படித்தான் இருக்கிறது. முதல் கட்டச் சோதனை என்றால், அதன் முக்கிய நோக்கம் எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று அறிவதுதான். அதில் சேருபவர் பலனை எதிர்பார்த்துச் சேரக்கூடாது.

பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம்செல் சோதனை என்று பெயரிட்டுப் பெருந்தொகை வசூலிக்கும் இடங்களுக்குப் போய், கையிருப்பையெல்லாம் இழந்துவிட்டு வருபவர்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். முறையான சோதனையில் ஆய்வு மருந்துக்கோ ஆய்வுக்காக எடுக்கும் ஸ்கேனுக்கோ பங்கேற்பாளரிடம் கட்டணம் வாங்குவது வழக்கமில்லை. "கிளினிக்கல் ட்ரையல்ஸ் டாட் கவ்" என்ற அமெரிக்க அரசின் இணையப் பதிவேட்டில் தங்கள் ஆய்வு இருக்கிறது என்று பணம் வசூலிப்பவர்கள் காட்டுவார்கள். அந்தப் பதிவேட்டில் இடம்பெறுவது ஆய்வு தரமானது என்பதற்கான சான்றிதழ் ஆகாது. எந்த நெறிமுறைக் குழு அனுமதி அளித்தது, பாதிப்பு ஏற்பட்டால் சிகிச்சைச் செலவையும் இழப்பீட்டையும் யார் ஏற்பார்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும்.

சேர்ந்த பிறகு தயவுசெய்து எதையும் மறைக்காதீர்கள். மூலிகைப் பொடி, சத்து மாத்திரை, தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த வலி நிவாரணி என்று எதுவானாலும் சொல்லுங்கள். நாங்கள் திட்ட மாட்டோம். ஆய்வு அட்டையை எப்போதும் கையில் வைத்திருங்கள். நள்ளிரவில் வேறு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும், அந்த அட்டையில் உள்ள எண்ணை அழைத்தால், உயிர்காக்கத் தேவையென்றால் அவருக்குத் தரப்பட்டது எது என்ற இரகசியக் குறியீட்டைத் திறந்து சொல்வதற்கு ஏற்பாடு உண்டு. விலக விரும்பினால் விலகலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விலகுவதை எங்களிடம் சொல்லிவிட்டு விலகுங்கள், ஏனெனில் சில மருந்துகளைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். மறதி நோயாளியின் பொருட்டுக் குடும்பத்தினர் கையெழுத்திட்டாலும், அவருக்குப் புரியும் அளவுக்கு எடுத்துச் சொல்லி அவரிடமும் கேளுங்கள். அவர் தலையசைத்து மறுத்தால் அந்த மறுப்பை மதியுங்கள்.

அன்று மகனிடம் நான் குரலை உயர்த்திவிட்டேன். அவர் பேசிய நேரம் முழுவதும் சக்கர நாற்காலியில் அமைதியாக இருந்த தந்தை, நாங்கள் ஓய்ந்த பிறகு மடியிலிருந்த எழுதுபலகையை இழுத்தார். பேச்சு போய்விட்டாலும் அவருடைய இடது கையில் இன்னும் கொஞ்சம் வலு மிச்சமிருக்கிறது. "கேப்சூலை நிறுத்தியது எனக்குத் தெரியாது. நான் தொடரலாமா?" என்று எழுதினார். கேப்சூல் மருந்தை உணவூட்டும் குழாய் வழியாக மகன்தான் கொடுத்து வந்தார், உள்ளே போவது எது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. மகன் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கல்லீரல் நொதிகள் அந்த அளவுக்கு உயர்ந்தவருக்கு ஆய்வு விதிகளின்படி மருந்தை மீண்டும் தர இயலாது. ஆனால் மருந்தை நிறுத்தியவரும் சோதனை நாட்களுக்கு வந்து கொண்டிருக்கலாம். குலுக்கலில் எந்தக் குழுவில் விழுந்தாரோ அந்தக் குழுவின் கணக்கிலேயே அவருடைய மதிப்பெண்கள் சேரும். இதை அவரிடம் மெதுவாக விளக்கினேன். அடுத்த சோதனை நாள் எது என்று எழுதிக் கேட்டார். அந்த நாளில் மகனே அவரை அழைத்து வந்தார். மீதமிருந்த கேப்சூல் புட்டியையும், அந்தப் பொடியின் பாக்கெட்டையும், மூன்று வாரங்களாக உட்கொண்ட எல்லாவற்றையும் தேதி வாரியாக எழுதிய ஒரு நோட்டையும் என் மேசைமேல் வைத்தார்.